கன்டினியூட்டிக்காரி வெட்ட விடாத தப்பு

ஒரு ஷாட்டில் இருந்தது மறு ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்ப்பவள் ஒருத்தி படத்தில் இருக்கிறாள் என்பது, அவள் வேலை ஒழுங்காக நடக்கிறவரை யாருக்கும் தெரியாது. முதல் ஷாட்டில் இடது தோளில் தொங்கிய பை அடுத்த ஷாட்டில் வலது தோளுக்குத் தாவிவிட்டால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். குழம்பில் உப்பு சரியாக இருந்த நாளில் யாராவது உங்களைக் கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்களா? பிழை திருத்துகிறவர்கள், தையல்காரர்கள், பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் என் கட்சிதான். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

முழுக்க எங்கள் புதுச்சேரியிலேயே எடுத்த பாட்டுப் படம் ஒன்றில் வேலை செய்தேன். பாட்டுப் படம் என்றால் நடுநடுவே பாட்டு வரும் படமில்லை. மீன் பேரம், வீட்டுச் சண்டை, பெண் கேட்பது எல்லாமே பாட்டுதான். படம் தியேட்டரை விட்டுப் போன கையோடு ஒரு தம்பி அதிலுள்ள தப்புகளைப் பொறுக்கி, சிவப்பு வட்டம் போட்டு, சிரிப்புச் சத்தம் சேர்த்து வீடியோ போட்டுவிட்டார். அதை எனக்கு அனுப்பி வைக்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. தயாரிப்பாளரும் பார்த்துவிட்டார். ஓடிடிக்குக் கொடுப்பதற்குள் வட்டம் போட்ட இடங்களையெல்லாம் வெட்டிவிடுங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது.

மற்றதை வெட்டட்டும், எனக்கு ஒன்றுமில்லை. மீன்காரி அஞ்சலை முகம் வரும் அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்ட விடமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் மற்ற வட்டங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மன்னிப்பு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பின்னால் நடந்த பெரியவர்

எங்கள் ஒளிப்பதிவாளர் கேரளத்துக்காரர். அவர் ஊரில் சூரியன் கடலில் இறங்கும். எங்கள் ஊரில் கடலிலிருந்து எழும்பும். இது நினைவில்லாமல், மாலை நேர டூயட் ஒன்றுக்காகக் காதல் ஜோடியைச் சாயங்காலம் பீச் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் பேசாமல் இறங்கிப் போய்விட்டது. அப்புறம் விடியற்காலையில் எடுத்து, எடிட்டிங்கில் தலைகீழாக ஓட்டி, எழும்புகிற சூரியனை இறங்க வைத்தார்கள். ஜோடி அசையாமல் நின்றதால் தப்பித்தது. தூரத்தில் வாக்கிங் போனவர்கள் எல்லோரும் பின்பக்கமாக நடந்தார்கள். நான் அன்றைக்கே சொன்னேன். "அங்கே யாரும்மா பார்க்கப் போகிறார்கள்" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

அப்படிப் பின்பக்கமாக நடந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் அவரை சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றுதான் கூப்பிடுவார்கள். படம் பார்த்துவிட்டு வந்து, கடற்கரையில் வைத்தே என்னை மடக்கினார். "டாக்டர் என்னை முன்னால நடக்கச் சொன்னாரு மதாம், நீங்க பின்னால நடக்க வச்சிட்டீங்க. எறங்குன சுகரெல்லாம் திரும்ப ஏறிச்சின்னா யாரு பொறுப்பு?"

மஞ்சள் வீடு, ரோஸ் வீடு

கதாநாயகியின் வீடு என்று உழவர்கரையில் ஒரு மாடி வீட்டைப் பிடித்திருந்தோம். அவள் கோபமாகப் பாடிக்கொண்டே மஞ்சள் சுவர் வீட்டுக்குள் நுழைவாள். மாடியில் வந்து எட்டிப் பார்ப்பாள். நுழைந்ததை எடுத்தாயிற்று. எட்டிப் பார்ப்பதற்குள் நடிகைக்குக் காய்ச்சல் வந்து, அப்புறம் மழை பிடித்து, மொத்தப் படப்பிடிப்பும் மாதக்கணக்கில் நின்றுபோனது. திரும்பிப் போனால் வீடு ரோஸ் நிறத்தில் நிற்கிறது! நான் போனில் இருந்த பழைய படத்தை வீட்டுக்காரரிடம் காட்டிக்கூடப் பார்த்தேன், ஏதோ அவர் தன் வீட்டை மறந்துவிட்ட மாதிரி. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பாட்டு முடியற வரைக்கும் எம் பொண்ணு கல்யாணத்த தள்ளிப்போட முடியுமா? மாப்ள ஊட்டுக்காரங்களுக்கு மஞ்சக் கலரு புடிக்கலம்மா."

கூடையில் மாறிய மீன்

அஞ்சலை நடிகை இல்லை. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவர். இடம் பார்க்கப் போன இயக்குநரிடமே பேரம் பேசி, அவருக்கு வேண்டாத மீனை அவர் தலையில் கட்டினார். அந்த வேகத்தில் மயங்கிப்போய், மீன்காரி வேஷம் இவருக்குத்தான் என்று இயக்குநர் அங்கேயே சொல்லிவிட்டார்.

முதல் நாள் முதல் ஷாட்டில் அஞ்சலையக்கா கூடையில் வஞ்சிரம். லைட்டை மாற்றி வைத்துவிட்டு வந்து பார்த்தால் கூடையில் சங்கரா. "அக்கா, வஞ்சிரம் எங்கே?" என்றேன். வண்டியில் வந்த யாரோ கேட்டார்களாம், கொடுத்துவிட்டாராம். அது படத்துக்கு வாங்கி வைத்த மீன், விற்கக் கூடாது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கு என்மேல் பரிதாபமே வந்துவிட்டது. "படத்த நாளைக்கி எடுத்துக்கலாம் பாப்பா, மீனு நாளைக்கி நாறிடும்."

வாய் ஒன்று, பாட்டு ஒன்று

அஞ்சலையக்கா பாட வேண்டியதில்லை. பாட்டு ஸ்பீக்கரில் ஓடும், வாயை அசைத்தால் போதும். பேரம் பேசும் இடத்தில் பாடகி ஒரு விலை சொல்கிறார், அஞ்சலையக்கா வாய் அதைவிடப் பெரிய விலை சொல்கிறது. எத்தனை தடவை எடுத்தாலும் அப்படியேதான். அந்த வாய்க்கும் தம்பி ஒரு வட்டம் போட்டிருக்கிறார், போடட்டும். டான்ஸ் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் இது: "பாட்டு எழுதுனவர கூட்டியாங்க, அந்த வெலைக்கி வஞ்சிரம் எவ குடுக்கறான்னு நானும் பாக்கறேன்."

கூடையைத் தூக்கி வைத்தவர்

அஞ்சலையக்காவின் கணவர் முருகேசன் கடலுக்குப் போகிறவர். படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்து, படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஷாட்டுக்கு நேரமானதும், யாரும் சொல்லாமலே எழுந்து வந்தார். மனைவியின் தலையில் சும்மாடு சரியாக இருக்கிறதா என்று விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, கூடையைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். இயக்குநர் துள்ளிக் குதித்தார். இது வேண்டும் என்றார். அவர் கூடையைத் தூக்கி வைப்பது, அடுத்து அஞ்சலை திரும்பி முதல் வரி பாடும் முகம், அப்புறம் தெருவில் பேரம். அப்படித்தான் பாட்டில் வருகிறது.

தூக்கி வைப்பதையும் தெருப் பேரத்தையும் எடுத்தோம். முகத்தை எடுப்பதற்குள் வெளிச்சம் போய், மறுநாள் கதாநாயகிக்குக் காய்ச்சலும் வந்து படப்பிடிப்பே நின்றுவிட்டது. தூக்கி வைத்ததையே இன்னொரு டேக் எடுக்கலாம் என்று இயக்குநர் கேட்டபோது முருகேசன் வெட்கப்பட்டுச் சிரித்தார். "தெனம் தூக்கி வக்கிறதுதான சார், இதுக்கு எதுக்கு இன்னொரு தடவ?"

பூ, பொட்டு, கழுத்து

படப்பிடிப்பு நின்றிருந்த அந்த மழைக்காலத்தில், வலை தைத்துக்கொண்டிருந்த முருகேசன் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. திரும்ப ஆரம்பிக்கும்போது மேனேஜர் என்னிடம், வேறு ஒரு அம்மாவுக்கு அதே புடவையைக் கட்டி முகத்தை எடுத்துக்கொள்ளலாம், நீ போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடு என்றார். போனேன். அக்கா வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். "கூடய எந் தலையில தான தூக்கி வச்சாரு? அதுக்குள்ள அது எப்புடி வேற ஒருத்தி தலைக்குப் போவும்?" என்றார். வருஷக்கணக்காக நான் இயக்குநர்களிடம் கேட்டுச் சண்டை போடும் கேள்வி அது.

படப்பிடிப்புக்கு அக்காவே வந்தார். கூடவே அவர் நாத்தனாரும் வந்து, கருமாதி முடிந்த ஈரம் காயவில்லை, பூ வைத்துக்கொண்டு ஆட வந்துவிட்டாள் என்று கடற்கரையே கேட்கக் கத்தினார். அக்கா திரும்பி, "அந்தப் பாட்டுல ஒங்கண்ணன் இன்னும் சாவல" என்றார். அவ்வளவுதான். பொட்டை அவரே வைத்துக்கொண்டார். கனகாம்பரத்தை நான் வைத்துவிட்டேன்.

அப்புறம் என் பெட்டியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தேன். முன் ஷாட்டில் கழுத்தில் தாலி தெரிகிறதே! அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூவும் பொட்டும் எங்கம்மா வச்சி உட்டது, அத வச்சிக்கறேன். தாலி அவரு கட்டுனது. ஒம் பொட்டியில கெடக்கறத நான் கட்டமாட்டேன்." சரி, முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "மூடறதுக்கு நான் என்னா திருடிட்டா வந்தேன்?" என்றார். கேமராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் குரல் கொடுத்தார்: "கன்டினியூட்டி ஓகேவா?" யூனிட் முழுக்க என்னைப் பார்த்தது. நான் சத்தமாகச் சொன்னேன்: "ஓகே சார்!"

கம்ப்யூட்டர் கட்டும் தாலி

இப்போது தம்பியின் வீடியோவில் அந்தக் கழுத்துக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய வட்டம். புருசன் கூடையைத் தூக்கி வைத்த மறு நொடியே தாலியைக் காணோம், தெருவுக்கு வந்ததும் தாலி திரும்பி வந்துவிட்டது என்று ஒரே சிரிப்பு. முகத்தை வெட்டினால் பாட்டில் தாளம் உடையும். அதனால் கூடை தூக்கி வைப்பதையும் சேர்த்தே வெட்ட வேண்டும் என்றார் எடிட்டர். வெட்டுங்கள், கூடவே டைட்டிலில் என் பெயரையும் வெட்டுங்கள் என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வீட்டில் முருகேசனுக்கு இருப்பது ரேஷன் கார்டு போட்டோ ஒன்றுதான். கடலுக்குப் போகிறவரை யார் வீடியோ எடுத்து வைத்தார்கள்? அவர் நடந்து வருவதும் சிரிக்காமல் சிரிப்பதும் உலகத்திலேயே அந்த ஒரு ஷாட்டில்தான் இருக்கிறது.

இயக்குநர் நடுவில் புகுந்து, வெட்ட வேண்டாம், கம்ப்யூட்டரில் கழுத்துக்குத் தாலி வரைந்துவிடலாம் என்றார். அதை அக்காவிடமே கேளுங்கள் என்று அவரை வைத்திக்குப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "கம்ப்யூட்டரு கட்டிச்சின்னா, அது எவன் கட்டுனதாம்?"

எல்லாரும் எதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், காட்டு என்றார் அக்கா. பயந்துகொண்டே போனை நீட்டினேன். சிவப்பு வட்டத்தையும் சிரிப்பையும் பார்த்தார். முகம் மாறவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விரலால் வீடியோவைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். முருகேசன் வந்து, சும்மாட்டை அழுத்திப் பார்த்து, கூடையைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். திரும்பத் தள்ளினார். திரும்பவும் தூக்கி வைத்தார். "கழுத்துக்கு வட்டம் போட்டிருக்கான், சரி. கூடயத் தூக்கி வக்கிறவர இவன் பாக்கவே இல்லியா?"

இயக்குநர் அங்கே நின்றபடியே தயாரிப்பாளருக்குப் போன் போட்டு, வெட்டப்போவதும் இல்லை, வரையப்போவதும் இல்லை என்றார். தயாரிப்பாளர் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: கன்டினியூட்டி பார்த்தவளின் கவனக்குறைவு என்று வெளியே ஒரு அறிவிப்புப் போடுவாராம்.

தாராளமாகப் போடட்டும், நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு விட்ட ஒரே தப்பு அதுதான், அறிவிப்பில் என் பேரை மட்டும் தப்பில்லாமல் எழுதினால் போதும்.