பின்பக்க லிஃப்ட்

புனேயில் சமூக வளர்ச்சி பற்றி முதுகலை படித்தபோது அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்த அவர் ஒன்பதாவது மாடியில் வாடகைக்கு இருந்தார். படிப்பு முடிந்ததும் தன் கம்பெனியிலேயே எனக்கும் ஒரு வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார்.

வீட்டு வேலைக்கு வருபவரை அந்த ஊர் வழக்கப்படி மாவ்ஷி என்போம். சித்தி என்று அர்த்தம். அந்தச் சித்தி நாங்கள் ஏறும் லிஃப்டில் ஏறக்கூடாது என்பது கட்டடச் சங்கத்தின் விதி. குப்பைத் தொட்டிகளும் மாவ்ஷிகளும் போக, பின்பக்கம் தனி லிஃப்ட்.

ஒரு மழைக்காலத்தில் அது பழுதானது. மூட்டுவலியோடு படியேறி வந்த மாவ்ஷி சமையலறைத் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் கீழே காத்திருந்து, கையைப் பிடித்து எங்கள் லிஃப்டில் ஏற்றினேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மாவ்ஷியின் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவேன் என்றார்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது பேட்டா. எனக்குப் பொழப்பே போயிடும். விடு, நடந்தே வரேன்" என்று மாவ்ஷி ஹிந்தியும் மராத்தியுமாகச் சொன்னார்.

இதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசச் சொல்லி அண்ணனைப் பிடித்தேன்.

"நாம வாடகைக்கு இருக்கறோம் கண்ணு. ஊர் வம்பெல்லாம் நமக்கெதுக்கு?"

"நீங்க பேசறவரைக்கும் நானும் மாவ்ஷிகூட படியிலதான் ஏறுவனுங்ணா."

ஏறினேன், தினமும். கால் கெஞ்சியது, வீம்பு விடவில்லை. உங்கள் தங்கைக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் லிஃப்டில் அண்ணனை விசாரிக்கத் தொடங்கினார்கள். மானம் போகிறது என்று என்னிடம் கத்திவிட்டு, கூட்டத்தில் வாய்திறந்தார். அந்த வாரமே பின்பக்க லிஃப்ட் ஓடியது.

"செயிச்சுட்டயல்லொ? இனி என்ற கம்பெனி இன்டர்வியூவுக்குப் போற வழியப் பாரு" என்றார்.

மாவ்ஷியின் மூட்டு தப்பித்ததில் சந்தோஷம்தான். ஆனால் ஆத்திரம் ஆறவில்லை. லிஃப்டைத்தான் சரிசெய்தார்கள், விதியை யாரும் தொடவில்லை. நான் அந்த இன்டர்வியூவுக்குப் போகவில்லை.

பிறகு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, எந்தெந்த நாட்டிலோ தண்ணீர்த் திட்டங்களைப் பார்வையிடும் வேலைக்குப் போனேன். அந்தந்த ஊரில் எல்லோருக்கும் தண்ணீர் வந்துவிட்டது என்று அதிகாரிகள் பெருமையாகச் சொல்வார்கள். எல்லோரும் ஒரே குழாயிலா பிடிக்கிறார்கள் என்று கேட்பேன். அவர்கள் முகம் சுருங்கும். பதில் வரும்வரை நான் எழுந்திருப்பதில்லை.