நாறாத கருவாடு

நான் இப்போது குடியிருக்கும் வட நோர்வேச் சிறுநகரில், மீன் நாற்றத்தை முகர்ந்து பார்ப்பதற்கென்றே ஆட்கள் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். கடற்கரை நெடுகிலும் ஆளுயரத்துக்கும் மேலான மரச்சட்டங்கள்; அவற்றில் தலை வெட்டிய ‘தொர்ஸ்க்’ மீன்கள் சோடி சோடியாகத் தொங்கிக் காய்கின்றன. அதாவது, கருவாடு. அதன் கீழே நின்று படம் பிடிக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கி முகரக் கொடுக்கிறார்கள். ‘அதிகம் பேர் அறியாத அழகு’ என்று பலகை வேறு. முதல் நாள் என் முகம் கோணியதைக் கண்டு, என்னோடு மீன் ஆலையில் வேலை செய்யும் இங்ரிட் தோளில் தட்டினாள். “தெ லுக்தர் பெங்கர்” என்றாள். பணம் மணக்கிறது என்று அர்த்தம். இங்கே எல்லாரும் சொல்வது. போகப் போகப் பழகிவிடும் என்று ஆறுதலும் சொன்னாள். நாற்றம் எனக்குப் புதிதா? என் முகம் கோணியது வேறொன்றால்.

தொண்ணூறில், யுத்தத்தின் நடுவே, முஸ்லிம்கள் என்பதற்காக மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஆலங்குடாவில் கரையேறினோம். உம்மாவும் வாப்பாவும் அகதிக் குடிசையிலேயே மௌத்தாகிவிட்டார்கள். என் மூத்த சகோதரி ராத்தாதான் கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டு, கருவாடு காயவைத்து என்னை ஆளாக்கினாள். மணலில் வலையை விரித்து, கீறி உப்பிட்ட மீனைப் பரப்புவாள். நடுப்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டதும் எல்லாவற்றையும் புரட்டிப்போடுவாள். அவளுக்கு அதுதான் மணிக்கூடு. யுத்தம் முடிந்ததும், பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் ஹொட்டேல் வந்தது. போன முறை நான் ஊருக்குப் போனபோது வாடி இருந்த இடத்தில் சாய்வுக் கதிரைகள் கிடந்தன.

“நாறுதாம் தம்பி” என்றாள் ராத்தா. “வாறவங்க மூக்கப் பொத்துறாங்களாம். மெனேஜர் ஆள் வெச்சு வாடியப் பிடுங்கிட்டார்.”

“நீங்க ஒண்டும் கதைக்கல்லயா?”

“ஓம், கதைச்சேன். இந்த நாத்தத்துலதான் என்ட தம்பி வெளிநாடு போனான் எண்டேன். மெனேஜர் சிரிச்சார்.”

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இவர்களுக்கு இடத்தை யார் கொடுத்தது? ராத்தா இப்போது அதே ஹொட்டேலில் படுக்கை விரிப்புத் துவைக்கிறாள். அவள் கையில் வாசனைச் சவர்க்காரம் மணந்தது. சீ, எனக்கு அந்த மணம்தான் அருவருத்தது.

இந்தக் குளிருக்கு இங்ரிட் விடுமுறையில் ஆலங்குடா போனாள். ‘யாரும் அறியாத கடற்கரை’ என்று இணையத்தில் போட்டிருந்ததாம். யாரும் அறியாத! ஊர் ஊராக அகதிகள் வந்து கிடந்த கரை அது. திரும்பி வந்து படம் காட்டினாள். ஹொட்டேல் வரவேற்பறைச் சுவரில், அவள் அன்பளிப்பாகக் கொண்டுபோன தொர்ஸ்க் கருவாடு நாடா கட்டி, விளக்குப் போட்டுத் தொங்குகிறது. கீழே மெனேஜர் பல்லைக் காட்டி நிற்கிறார். படத்தின் ஓரத்தில் மடித்த விரிப்புகளோடு ஒரு பெண். அவள் என் ராத்தா என்பது இங்ரிட்டுக்குத் தெரியாது.

“அங்கே அது நாறவில்லையா?” என்று கேட்டேன்.

“இல்லையே, சொந்த ஊர் மணம் வந்தது” என்றாள் சந்தோஷமாக.

தூ என்று துப்ப வேண்டும்போல் இருந்தது. யார் மேல் துப்புவது? எழுந்து வெளியே போய், பேருந்தில் வந்தவர்களுக்கு நடுவே சட்டங்களின் கீழ் நின்றேன். கைப்பேசியில் லுஹர் பாங்கு ஒலித்தது. இங்கே தொங்கும் மீனை யாரும் திருப்புவதில்லை. என் கை தானாக உயர்ந்து, எட்டிய ஒரு மீனைப் புரட்டிவிட்டது.