அட்டை கட்டிய கார்

தன்னைவிட நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்தவன் கண்டிப் பக்கத்துக் கெலிஓயாவில் கிடையாது என்று ரவிகுமார் இருபது வருடமாக நம்பியிருந்தார். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கொழுந்து லொறியில் கைபழகியவர். கண்டிக்கு அப்பால் பல்லேகலயில் ஒரு தையல் ஆலையில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்ததும் பாலாம்பிகையைக் கட்டிக்கொண்டு கெலிஓயாவில் குடியேறினார். வளைவில் முந்துவதும், முட்டப்போகும் நேரத்தில் பிரேக் அடிப்பதும் அவருக்குக் கைவந்த கலை.

2022இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. கியூஆர் கோட்டைக் காட்டினால் வாரத்துக்கு இருபது லீட்டர், அவ்வளவுதான். அவருடைய பழைய கார் லீட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் ஓடும். வேலைக்குப் போய்வர நாளுக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். வியாழனோடு டாங்க் வற்றிவிடும். வெள்ளியும் சனியும் பஸ் படியில் தொங்கினார்.

அந்த நாட்களில்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் காரின் முகப்பை அடைத்து, அடிப்பக்கத்தையும் பின்சில்லுகளையும் மூடி, காற்று வழுக்கிக்கொண்டு போகும்படி செய்து பெட்ரோல் மிச்சம் பிடித்திருந்தார். ஆலையில் கழித்துப் போட்ட தடித்த பிளாஸ்டிக் விளம்பர அட்டைகள் குவிந்து கிடந்தன. கேட்டு வாங்கிவந்து வெட்டி, கேபிள் டையால் கட்டினார். எதிரே ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஹில்மி வெளியே வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, காருக்கு மாப்பிள்ளை வேஷமா?"

அந்தச் சனிக்கிழமை மாலை வேலை முடிந்து வீடு வந்தபோதும் டாங்கில் பெட்ரோல் இருந்தது. ரவிகுமாரால் நம்ப முடியவில்லை. மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. கணக்குப் போட்டால் லீட்டருக்குப் பதினைந்து. நாலு மாதம் அப்படியே ஓடியது.

சிரித்த ஹில்மியே ஒருநாள் வந்து, "என்ட வேனுக்கும் கட்டித் தாங்க" என்றார். ரவிகுமார் பெருமையோடு கட்டினார். தன் காரில் முகப்பில் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தவர், பெரிய வண்டிக்கு இன்னும் மிச்சமாகட்டும் என்று முழுதாகவே அடைத்தார்.

அடுத்த ஞாயிறு ஹில்மி ஹேவாஹெட்டவுக்குச் சீமெந்து ஏற்றிப் போனார். அங்கே அக்காவைப் பார்க்க ரவிகுமாரும் ஏறிக்கொண்டார். தலாத்துஓயா தாண்டி ஏற்றத்தில் வேன் இழுக்க மாட்டாமல் முனகியது. அடைத்த முகப்பில் காற்றுப் புகாமல் எஞ்சின் கொதித்து, பொனட்டிலிருந்து வெள்ளையாக ஆவி. ஹில்மி இறங்கிப் பொனட்டைத் தூக்கினார். ஒரு துணியை மடித்து ரேடியேட்டர் மூடியில் வைத்தார்.

"நானா, தொடாதீங்க" என்று ரவிகுமார் சொல்லி முடிக்கவில்லை. கொதிநீர் பீறிட்டது. வெந்து வெளுத்த கையைத் தூக்கிப் பிடித்தபடி ஹில்மி தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பிடித்துத் தூக்கவேண்டும் என்பதே ரவிகுமாருக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டார்கள். வீடு திரும்பிய ரவிகுமார் உடுப்பு மாற்றாமலே கத்தியை எடுத்துத் தன் காரில் இருந்த அட்டைகளையெல்லாம் அறுத்தெறிந்தார். இனி வெள்ளியும் சனியும் பஸ்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அட்டையில்லாத முதல் வாரம் முடிந்தது. சனிக்கிழமை மாலையும் டாங்கில் பெட்ரோல் இருந்தது. இரண்டாம் வாரமும் அப்படியே. அதே பதினைந்து. வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பாலாம்பிகை வந்து கதவைத் திறந்தாள்.

"அட்டை இல்லாமலும் அதே பதினஞ்சு ஓடுது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"மெதுவா போறீங்கள்ல, அதான்."

"எப்பலேருந்து?"

"அட்டை கட்டுன நாள்லேருந்து. ரோட்டுல உரசிரும்னு பள்ளம் பாத்து, மேடு பாத்துப் போனீங்க. சடார்னு பிரேக் அடிக்கிறதே நின்னுபோச்சு. அதுக்கு முந்தி உங்ககூட கண்டிக்குப் போனா, முந்தானைய கையில சுருட்டிப் பிடிச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பதினாறு வருசமா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்."

கண்டி நெரிசலில் மணிக்கு முப்பதில் ஊரும் காருக்குக் காற்று என்ன தடை. பெட்ரோலைக் குடித்தது, அக்சிலேட்டரையும் பிரேக்கையும் மாறிமாறி மிதித்த அவருடைய கால். அதைச் சொல்லாமல் இருக்க முடியாதென்று அப்போதே கடைக்குப் போனார். கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்திருந்த ஹில்மியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

ஹில்மி கட்டைப் பார்த்தார். "அப்ப என்ட கை?"

ஹில்மி, ஆணி கேட்டு நின்றவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு பேச்சு நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற ஹில்மி கண்டிக்குப் பஸ்ஸில் போகிறார் என்று அவர் மனைவி ஆஸிகா பாலாம்பிகையிடம் சொல்லியிருந்தாள். அடுத்த கட்டு நாளில் ரவிகுமார் லீவு போட்டுவிட்டுக் காரைக் கடை வாசலில் நிறுத்திக் காத்திருந்தார். ஹில்மி பின்சீட்டில் ஏறினார். இரண்டாம் தடவையும் பின்சீட்டுத்தான். மூன்றாம் தடவை முன்கதவைத் திறந்தார்.

பேராதனைப் பாலத்தில் இரண்டு ஓட்டோக்களும் ஒரு சைக்கிளும் அவர்களை முந்திக்கொண்டு போயின.

"தம்பி, டொக்டர் போயிடுவார். கொஞ்சம் வெரசாப் போங்களே" என்றார் ஹில்மி.

ரவிகுமார் வேகத்தைக் கூட்டவில்லை. "நேரம் ஈக்கி நானா" என்று, 'இருக்கு' என்பதை ஹில்மியின் பாஷையிலேயே சொன்னார்.

ஹில்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.