எல்லாம் ஒன்றரை

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லி என்றால் போதும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மொத்தத்தையும் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர் என்பதால் வந்த பெயர். இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் கக்கும் புகையை வாங்கி ஒரே குழாயில் சேர்க்கிற மேனிஃபோல்டைக் கையால் செய்து கொடுப்பது அவர் தொழில். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சைலன்சர் கடையில் வேலை பார்த்த காலத்தில், வெடித்து வந்த மேனிஃபோல்டுகளைப் பழைய இரும்புக்குப் போடவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் அடுக்கி, எது எங்கே வெடித்தது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கல்யாணமான புதிதில் மனைவி அங்கே பெருக்கப் போய், "என்னங்க இது, யாரோட குடலு?" என்று கேட்டாராம்.

பெரும்பாலும் வளைவில்தான் வெடித்திருந்தது. நெருக்கி வளைத்த குழாயில் புகை சுவரில் முட்டும். முட்டின இடம் சிவக்கும். சிவந்த இடம் ஒருநாள் வெடிக்கும். ஆகவே பெண்டு, அதாவது வளைத்தே விற்கும் குழாய்த் துண்டு, வாங்கும்போது மட்டும் அவர் யாரையும் நம்பமாட்டார். சட்டைப் பையைத் தொங்கவைக்கும் ஒரு பேரிங் குண்டு எப்போதும் அவரிடம் இருக்கும். பெண்டுக்குள் அதைப் போட்டால் அந்தப் பக்கம் தடங்கலில்லாமல் விழவேண்டும். நின்றால் வளைக்கும்போது குழாய் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை மச்சினனைப் பெண்டு வாங்க அனுப்பியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இன்ஜினில் பொருத்தும் பட்டையை அறுத்துக்கொண்டிருந்தார். பாதியில் கைவிட மனம் வரவில்லை. இன்னொன்று, நாற்பதைத் தாண்டியும் எந்த வேலையிலும் ஒட்டாத தம்பிக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று மனைவி காதைத் தின்றுகொண்டிருந்தார்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்காரம்மாவின் வண்டி, வீட்டு முன்பக்கம் இருந்த அவர் கடைக்குள் நின்றது. பழைய இன்ஜின் போய், வேறு வண்டியின் இன்ஜினை உட்கார வைத்திருந்தார்கள். அதோடு வந்த மேனிஃபோல்டு ஸ்டியரிங் ராடில் இடித்தது. லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்று காலை வேன் வரவில்லை என்றால் பெற்றவர்கள் வேறு வேன் பார்த்துவிடுவார்கள். அப்புறம் திரும்ப வரமாட்டார்கள்.

"பொட்டலம் கட்டிக் குடுத்தாலும் சரிண்ணா, திங்கக்கிழமை ஓடணும்."

"ஓடும்மா. பாட்டுப் பாடிக்கிட்டு ஓடணுமா?"

"பாட்டெல்லாம் பிள்ளைங்க பாடும். வண்டி வாயை மூடிக்கிட்டு வந்தாப் போதும்."

மச்சினனிடம் அவர் தெளிவாகச் சொன்னதாகத்தான் நினைத்தார். "நேர்க்குழாய் கையில இருக்கு. பெண்டுதான் வேணும். நாலு. எல்லாம் ஒண்ணரை."

மச்சினன் சாக்குப்பையோடு வந்து மேஜையில் கொட்டினான். முழங்கைபோல முழுசாகத் திரும்பும் முழுப் பெண்டு நாலு, அதில் பாதியே திரும்பும் அரைப் பெண்டு நாலு. அத்தனையும் இரண்டு இஞ்ச் குழாய்.

"என்ன இது?"

"நாலு ஒண்ணரை, அத்தான். ஒரு முழுசு, ஒரு அரை. நாலு தடவை எண்ணிப் பாத்தேன்."

"குழாய் ரெண்டு இஞ்ச்சா இருக்கே?"

"இஞ்ச் நீங்க சொல்லலியே. எது நல்லாப் போகுதோ அதைக் குடுங்கன்னேன்."

யானைக்கு அர்ரம் என்றால் குதிரைக்குக் குர்ரம் என்று மீதியைத் தானே ஊகித்துக்கொள்கிறவன். மில்லி அறுத்த பட்டையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணரை இஞ்ச். குழாய் ஒண்ணரை இஞ்ச்" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தடவை மச்சினன் தண்ணீர்க்குழாய் கடைக்குப் போய் வாங்கிவந்துவிட்டான். அங்கே ஒன்றரை என்றால் உள் ஓட்டையைச் சொல்வார்கள். இவர்கள் தொழிலில் வெளிச்சுற்று. வந்த பெண்டுக்குள் இவருடைய நேர்க்குழாய் சொளசொளவென்று ஆடியது. போதாததற்குத் துத்தநாகம் பூசியது; வெல்டிங் வைத்தால் விஷப்புகை வரும்.

"மாப்ளே, இதை வெச்சா வேன் ஓடாது, தண்ணிதான் வரும்."

"ஒண்ணரைன்னுதானே எழுதியிருக்கு?"

"வெளியில ஒண்ணரை. தகடு கனம் ஒண்ணரை மில்லி. சைலன்சர் சாமான் கடை. இந்தா, குண்டைக் கொண்டு போ. உருண்டா வாங்கு, நின்னா வேண்டாம்."

சாயங்காலம் மச்சினன் முகமெல்லாம் பல்லாக வந்தான். வெளிச்சுற்று சரி. கனம் சரி. குண்டும் வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஆனால் பெண்டு முழங்கையை மடக்கினதுபோல நெருக்க வளைவு. குழாயின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு விரிந்து வளைய வேண்டியது, ஒரே மடங்கில் சட்டென்று திரும்பியிருந்தது.

"வளைவும் ஒண்ணரைடா" என்று மில்லி பெண்டை மேஜையில் போட்டார்.

உள்ளேயிருந்து மனைவி வந்தார். "இஞ்ச்சும் ஒண்ணரை, கனமும் ஒண்ணரை, வளைவும் ஒண்ணரை. மில்லி மில்லின்னு உயிரை விடுறீங்களே, வாயில மட்டும் ஏன் ஒரே அளவு? அவன் என்ன சோசியமா பாப்பான்?"

"தொழில்ல இருக்கிறவனுக்குப் புரியும்."

"அவன் தொழிலுக்கு வந்தே ஒரு நாளு ஆகலை."

சைலன்சர் சாமான் கடை அதற்குள் அடைத்தாயிற்று. ஞாயிறு திறக்காது. நெருக்கப் பெண்டை அப்படியே வைத்துக் கொடுத்தால் வேன் திங்களன்று ஓடும். ஆனால் அந்த வளைவு வெடிக்கும்போது வண்டிக்குள் பிள்ளைகள் இருப்பார்கள். மில்லி மேஜையில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் மனசுக்குள் திட்டினார். கடைசியாகத் திட்டக் கையில் எடுத்தது, காலையில் வந்த உதவாக்கரை அரைப் பெண்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நெருக்கப் பெண்டைப் பாதியாக அறுத்தால் இரண்டு அரைப் பெண்டு. நடுவில் விரலளவு நேர்க்குழாய் வைத்துச் சேர்த்தால் புகை ஒரே அடியாகத் திரும்பாது. கொஞ்சம் திரும்பி, மூச்சு விட்டு, மறுபடி திரும்பும். ஆகும். ஆனால் ஒரு பெண்டுக்கு இரண்டு ஒட்டு கூடுதல். ஒவ்வொரு ஒட்டிலும் உள்ளே உருகி வழிந்ததை அரத்தால் ராவ வேண்டும்.

"நாளைக்குக் காலையில வா" என்றார். "பெண்டு வாங்கத் தெரியலேன்னா என்ன, பெண்டு நிமித்துறேன்."

ஞாயிறு முழுக்கப் பெண்டு நிமிர்ந்தது இருவருக்கும். இவர் ஒட்டுவார், அவன் குண்டு விடுவான். குண்டு நிற்கும், இவர் ராவுவார், அவன் விடுவான். "நிக்குது அத்தான்" என்று அவன் சொல்கிற ஒவ்வொரு முறையும் இவருக்குப் பல் நறநறத்தது. நாலாவது குழாயில் அவன் இரண்டு தடவை விட்டுப் பார்த்துவிட்டு, "விழுது, ஆனா உரசிக்கிட்டு விழுது" என்றான். மில்லி வாங்கிக் காதில் வைத்து உருட்டினார். உரசத்தான் செய்தது. மறுபடி அரத்தை எடுத்தார்.

திங்களன்று வேன் கடை வாசலைக் கடந்தது. உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒட்டில் ஓட்டை இருந்தால் வரும் டிக் டிக் சத்தத்துக்காக மில்லி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் சத்தம்தான் வந்தது. வேன்காரம்மா வண்டியை நிறுத்தவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனார்.

"வெல்டிங் ராடு தீந்துபோச்சு. போய் ஒண்ணரை கிலோ வாங்கிட்டு வா" என்றார் மச்சினனிடம்.

அவன் சாக்குப்பையோடு படியிறங்கியவன் நின்றான்.

"ஒண்ணரை கிலோன்னா, ராடோட கனமா அத்தான், இல்ல எடையா?"

மில்லி திட்டுவதற்கு வாயைத் திறந்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. மனைவி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

"எடை" என்றார். "கனம் ரெண்டரை மில்லி."