பூஜையில் வைத்த ஆர்.சி. புக்

2006-இல் என் பழைய வெள்ளைக் காரை விற்றுவிட முடிவு செய்தேன். கடலூர் செம்மண்டலத்தில் அதை ஒருமுறையாவது தள்ளிவிடாத அண்டை வீட்டார் யாரும் மிச்சமில்லை. வாங்க வந்தவர் சுற்றிப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார், கடைசியில் ஆர்.சி. புக்கைக் கேட்டார். அது சிதம்பரத்தில், என் மனைவியின் அண்ணனிடம் இருந்தது. ஒரு கல்யாணத்துக்குக் காரை இரவல் வாங்கியவர், காரை மட்டும் திருப்பித் தந்திருந்தார்.

போன் செய்தேன்.

“அது எங்கியோ காணாமப் போச்சி மாப்ள. புக்கு இல்லாத வண்டிய எவன் வாங்குவான்? பேசாம எங்கிட்டயே தள்ளிவுடு. இரும்பு வெலைக்கு மேலயே போட்டுத் தரேன்.”

சரஸ்வதி பூஜையன்று மனைவியோடு அவர் வீட்டுக்குப் போனேன். பூஜையில் அடுக்கியிருந்த பாடப் புத்தகங்களுக்கு நடுவே, நீல உறையோடு என் ஆர்.சி. புக் எட்டிப் பார்த்தது. உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம். கையை நீட்டினேன்.

“ஐயய்யோ, பூஜையில வச்சதத் தொடக் கூடாது மாப்ள! நாளைக்குத்தான் எடுக்கணும்.”

“அது என் கார் புக்கு மாதிரி இருக்கே மச்சான்?”

“எங்க பழைய ஸ்கூட்டர் புக்கு.”

அவர் வாழ்நாளில் ஸ்கூட்டர் வைத்திருந்ததே இல்லை.

சரஸ்வதியோடு மல்லுக்கட்டும் தைரியம் எனக்கில்லை. பக்கத்தில் நின்ற அவர் தங்கையோடு அறவே இல்லை. சுண்டலை மென்றுகொண்டே பழிவாங்கும் வழியை யோசித்தேன். அவர் பொய்யை முழுசாக நம்பிவிடுவது என்று தீர்மானித்தேன்.

மறுவாரமே மனைவியையும் கூட்டிக்கொண்டு வெள்ளைத்தாளோடு போய் நின்றேன். “ஒங்ககிட்ட இருக்கப்பதான காணாமப் போச்சி மச்சான். போலீசுக்கு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.” தங்கை பார்த்துக்கொண்டிருந்ததால் எழுதினார். கையெழுத்து மட்டும் கோணிக்கொண்டது.

போலீஸ் சான்றிதழ் வாங்கி, போக்குவரத்து அலுவலகத்துக்குச் செருப்பு தேய நடந்து, டூப்ளிகேட் புக் வாங்கினேன். கடலூரில் ஆள் கிடைக்காமலில்லை. ஆனாலும் சிதம்பரத்தில்தான் விற்றேன், மச்சானின் எதிர்வீட்டுக்காரருக்கு. சாக்கடைத் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் போனபோது கார், வாழைக்கன்றும் மாலையுமாக மச்சான் வீட்டு வாசலை அடைத்து நின்றது. மச்சான் என்னை ஓரமாக இழுத்தார்.

“மாப்ள, அந்தப் புக்கு கெடைச்சிடுச்சி.”

“இனிமே செல்லாது மச்சான். பூஜையிலயே இருக்கட்டும். தொடக் கூடாதில்ல?”

அதற்குள் தெருவிலிருந்து எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: “சார், ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. கொஞ்சம் கை குடுங்க.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். அந்தக் காரை அவ்வளவு ஆசையாக நான் தள்ளியதே இல்லை. புகை முழுக்க மச்சான் வீட்டுக்குள் போனது.