ம.வே.

ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அவரை எல்லாரும் 'மீட்டர்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண் குறித்த மனிதரை வேறெப்படிக் கூப்பிடுவது? அந்த வேலை அவருக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனவை இரண்டு. ஒன்று, தேய்ந்துபோன முழங்கால். இன்னொன்று, எதையும் சுருக்கி எழுதுகிற புத்தி. பூட்டிய வீடு என்றால் 'பூ.வீ.' நாய் உண்டு என்றால் 'நா.உ.' குறிப்பு எழுதும் கட்டம் அத்தனூண்டு இருந்தால் மனிதன் அதில் காவியமா எழுத முடியும்?

கடைக்குக் கொண்டுபோகிற சீட்டிலும் இதே கதைதான். 'வெ. அரை கிலோ' என்று தானே எழுதிக்கொண்டு போவார். கடையில் நின்று வெங்காயமா, வெள்ளரிக்காயா என்று திருதிருவென முழிப்பார். எதற்கு வம்பு என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

"நான் கேட்டது வெண்ணெய்," என்பாள் மனைவி.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவருக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று இருந்தது. கடைகளும் வீடுகளும் தானமாகக் கொடுக்கிற அரிசி, பருப்பு, பால் பவுடர், காய்கறி எல்லாவற்றையும் ஒரு பழைய கிடங்கில் பெட்டி பெட்டியாகக் கட்டுவார்கள். சாப்பாட்டுக்கே தடுமாறுகிற, நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும் வழியில்லாத வீடுகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மீட்டர்காரரின் பங்குக்குப் பதினாறு வீடுகள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தால் பட்டியலில் பதினைந்துதான் இருந்தது. எண்ணிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். மூன்றாவது மாடித் தையல்காரம்மாவைக் காணோம்.

"அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்," என்றார் டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; கிடங்கின் நோட்டுப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பை அந்த வாரம்தான் ஏற்றிருந்தார்.

மீட்டர்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். மனுஷியோ நாளெல்லாம் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். வேண்டாமாமே? லாட்டரியா அடித்தது?

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. போன வாரம் அவர் பெட்டியை வைக்கும்போது அவள் கதவைத் திறந்தாள். சும்மா போகாமல், "கொடுத்த அரிசி தீர்ந்துடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டார். போதுமா, போதாதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் முகம் சட்டென்று சுருங்கியது. பதில் சொல்லாமல் பெட்டியை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். கணக்குக் கேட்கிறான் பார் என்று நினைத்திருப்பாளோ? அடப்பாவி, அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா!

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்," என்றாள், வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி. "போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

"வேண்டாம்னு சொன்னவங்க வீட்ல போய் என்னன்னு கேக்கறது?"

இரண்டாவது செவ்வாயும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போனார். வண்டியை நிறுத்தி மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நன்றாகத்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணினார். ஆனாலும் படியேறிப் போய்க் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாவது செவ்வாய் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "டீச்சர், அந்தம்மா யாருகிட்ட வேண்டாம்னு சொன்னாங்க? போன்ல சொன்னாங்களா, நேர்ல வந்தாங்களா?"

"என்னைக் கேக்கறீங்களே சார்! உங்க கையெழுத்துலதானே இருக்கு?"

டீச்சர் பழைய நோட்டை எடுத்துப் பிரித்து, தையல்காரம்மாவின் வரிக்கு நேரே விரலை வைத்தார். 'ம.வே.'

"மறுபடி வேண்டாம்," என்று படித்தும் காட்டினார்.

மீட்டர்காரருக்கு, முதன்முதலாகப் பெட்டி கொண்டுபோன நாளில் அவள் கதவைப் பாதி திறந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. "மணி அடிக்காதீங்கய்யா. எதிர் வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்க. சத்தமில்லாம வச்சுட்டுப் போயிடுங்க." மணி வேண்டாம். அதைத்தான் படியில் நின்றபடி அவர் இரண்டு எழுத்தில் அடக்கினார்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

அவர் ஒரு பெட்டியைத் தூக்கினார். அதன் தலையில் இன்னொன்றை ஏற்றினார். மற்ற வீடுகள் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று முதலில் அங்கேதான் போனார்.

மூன்று மாடி. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் அவரைத் திட்டியது. என்ன சொல்வது? மன்னிச்சுக்கோம்மா என்பதா? எதற்கு மன்னிப்பு, எழுதியதற்கா, கேட்டதற்கா, கீழே நின்று பார்த்துவிட்டுப் போனதற்கா? எதை முதலில் சொல்வது என்று தெரியாமலே வாசலுக்கு வந்துவிட்டார். வழக்கம்போலச் சத்தமில்லாமல் குனிந்தார்.

பெட்டிகள் தரையைத் தொடுவதற்குள் கதவு திறந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலி கிடந்தது. அவள் அதிலிருந்துதான் எழுந்திருந்தாள்.

"வந்துட்டீங்களா," என்றாள். முகம் பாதியாகியிருந்தது. உள்ளே சின்னவன் வெறும் டம்ளரை ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா... நான் உங்களை அன்னைக்குக் கேட்டது..."

"என்ன கேட்டீங்க?" அவளுக்கு அது நினைவே இல்லை. "போன தடவையும் வச்சீங்கள்ல? அதுக்கு முந்தியும்? நான் கதவைத் திறக்கறதுக்குள்ள யாரோ தூக்கிட்டுப் போயிடறாங்கன்னு மூணு செவ்வாயா இங்கயேதான் உக்காந்திருக்கேன். எதிர் வீட்டக்காதான்னு நெனச்சு அவங்களோட பேச்சையே விட்டுட்டேன். யாருய்யா எடுத்தது?"

"யாரும் எடுக்கலம்மா. நான் வைக்கல." என்றார் அவர். "நீங்க மணி வேண்டாம்னு சொன்னதை ம.வே.ன்னு எழுதினேன். மறுபடி வேண்டாம்னு படிச்சுட்டாங்க. என் தப்புதான்."

அவள் அவரையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ரெண்டே எழுத்தாய்யா?"

அவர் தலையை ஆட்டினார்.

அவள் பெட்டிகளை உள்ளே இழுத்துப் பால் பவுடர் பாக்கெட்டை எடுத்தாள். சின்னவன் தட்டுவதை நிறுத்தினான். கதவைச் சாத்தப் போனவள் நின்றாள்.

"இனிமே மணி அடிங்கய்யா. நல்லா அழுத்தி அடிங்க. எதிர் வீடு பாத்தா பாத்துட்டுப் போகட்டும்."

அவர் படியிலேயே உட்கார்ந்து பேனாவை எடுத்தார். அவள் வீட்டை முழு விலாசத்தோடு பட்டியலில் சேர்த்தார். பக்கத்தில், ஓரத்தில் இடமில்லாமல் கீழ் வரியிலும் இறங்கி, ஓர் எழுத்தையும் விடாமல் எழுதினார்: 'மணியை அழுத்தி அடிக்கவும். கதவு திறக்கும்வரை நிற்கவும்.'