என் மாமியார் ஒதுங்கி உட்கார்ந்த நாட்கள்

என் மாமியார் கண்ணாயிக்குக் காலில் சக்கரம். எங்கள் மலையில், அரியூர் நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடியுமுன் மரவள்ளிக் காட்டில் நிற்பார், வெயில் ஏறினால் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்துவார். "செத்த உக்காருங்கத்தை" என்றால், "உக்காந்தா ஒடம்பு துருப்புடிச்சிரும் கண்ணு" என்பார். அவரோடு குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் மாதவிலக்கான பெண்கள் அங்கேதான் இருக்க வேண்டும். தூரம் என்போம். ரத்தம் நின்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வாசல்படி மிதிக்கலாம். ஆனால் அத்தைக்கு அது நின்றே பல வருஷம் ஆகியிருந்தது.

"என்னங்கத்தை, இந்த வயசுலயா?"

"என்ன பண்றது அருணா, திரும்பி வந்திருச்சு. வாய மூடு, தமிழ்செல்வன் காதுல உழுந்தா மானம் போயிரும்."

தமிழ்செல்வன் அவர் மகன், என் வீட்டுக்காரர். நான் சிரித்தேன். "வயசு திரும்புதுங்கத்தை. சீரு வெச்சிரலாமுங்க."

ரத்தம் தானாக நின்றது. குளித்தார், உள்ளே வந்தார், மண்வெட்டியைத் தூக்கினார். சில மாதம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி நின்றது. வலி கிலி ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே வேதனை உட்கார முடியாததுதான். கொட்டாய்க்குள் மாட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே எனக்கு அதிகாரம் செய்வார். "மொளகத் திருப்பிப் போட்டியா? கோழிய அடச்சியா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த முறை வந்தது மிளகுப் பறிப்பு நேரத்தில். வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. கடுப்போடு சோறு கொண்டுபோனேன். அவர் அவிழ்த்து வைத்திருந்த துணி வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை.

"இதக் கட்டலீங்களா?"

"கட்டித்தான் இருந்தேன். துணியில படறதில்ல கண்ணு. ஒண்ணுக்குப் போனா மட்டுந்தான் செவப்பா வருது."

"ஐயோ, இது தூரமே இல்லீங்கத்தை!" என்று கத்தினேன். மாடு மிரண்டது.

மலைமேல் இருக்கும் செம்மேட்டு ஆஸ்பத்திரியில், கீழே டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மலையிறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அத்தை இருக்கையில் நெளிந்தார், நான் நகத்தைக் கடித்தேன். ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் பானுமதி படம் போட்டுக் காட்டினார். சிறுநீரகத்துக்கு உள்ளேயும், அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயிலும் மெல்லிய உள்தோல் இருக்கிறதாம். அதில்தான் புற்றுநோய்.

"வலிக்காம ரத்தம் வரும், தானா நிக்கும், திரும்ப வரும். நின்னுட்டா நோய் போச்சுன்னு அர்த்தமில்ல. தூரம் நின்ன பொம்பளைக்கு எந்த வழியில ரத்தம் வந்தாலும் உடனே காட்டணும். ஏம்மா இத்தன நாளாச் சொல்லல?"

"கொட்டாயில உக்காந்திருக்கறத எவ ஊருக்குச் சொல்லுவா?" என்றார் அத்தை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் செத்துருவனா கண்ணு?"

ஒரு சிறுநீரகத்தையும் அதன் குழாயையும் எடுத்துவிட்டார்கள். மற்றது போதும் என்றார்கள். ஆனால் சிறுநீர்ப்பையில் நோய் மறுபடி வரலாமாம். அவ்வப்போது கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், இடையில் சிவப்பைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. அதோடு என் நிம்மதி போயிற்று. அத்தை பின்பக்கம் ஒண்ணுக்குப் போய்வரும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன். "என்ன புள்ள, போலீஸ்காரியாட்டம்" என்று எரிந்து விழுவார். வந்தால் சொல்வாரா, மறுபடி பாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரா?

போன வாரம் மிளகு வியாபாரி தனபால் வந்திருந்தார். வாசல் நிறைய ஆம்பளைகள். பின்பக்கமிருந்து வந்த அத்தை கொட்டாய் முன்னால் நின்றுவிட்டார். பாயைத் தூக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். பிறகு விடுவிடுவென்று அத்தனை பேரையும் தாண்டி, குளிக்காமலே வாசல்படி மிதித்தார்.

"அருணா, ஒண்ணுக்கு மறுபடி செவப்பாப் போவுது. பஸ்ஸு எப்போ?" ஊருக்கே கேட்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எதுக்குடா குனியற? அந்த ஆஸ்பத்திரிப் பைய எடு."